புறவாசல் பந்தல்

பாளையங்கோட்டையில் நான் குடியிருக்கும் மாடிப்போர்ஷனுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் புறவாசல் இருக்கிறது. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்த வீட்டுக் கிணற்றடி, துவைகல், பிச்சிக்கொடி, புடலைப் பந்தல், அடுக்களையின் பின்வாசல் படி எல்லாம் ஒன்றுவிடாமல் தெரியும். முன்பக்கத்தைத் தெருவில் நடந்துபோகும்போது பார்த்ததோடு சரி. தார்சாவில் ஒரு மரபெஞ்சு, கம்பியழி, அதற்கு அந்தப்பக்கம் இருட்டாகப் பட்டாசல்.

வீட்டில் ஆட்கள் இரண்டே பேர். அவருக்கு எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். அந்த அம்மாவுக்கு நாலைந்து வயது குறைவாக இருக்கலாம். லீவுக்கு வருகிற பிள்ளைகள் தாத்தா, ஆச்சி என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கேட்டு எனக்கும் அப்படியே ஆகிவிட்டது. நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசப் போனால் பார்ப்பது கெட்டுவிடும் என்று ஒரு சந்தேகம்.

புரட்டாசி மாதத்து ஞாயிறு ஒன்றைச் சொல்கிறேன்.

விடிந்தும் விடியாமலும் தாத்தா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தலடிக்கு வந்துவிட்டார். ஆடியில் போட்ட விதை இப்போது மூங்கில் கழிகளில் ஏறி, மேலே கட்டிய கொடிக்கயிறு தெரியாதபடிக்குப் படர்ந்து கிடக்கிறது. உள்ளே குனிந்து நுழைந்து, அண்ணாந்து, ஒவ்வொரு பிஞ்சாகப் பார்க்கிறார். எண்ணுகிறாரோ என்னவோ, உதடு அசைகிறது.

புடலையை அதன் போக்கில் விட்டால் சுருட்டிக்கொள்ளும். பிஞ்சு ஒரு சாண் வந்ததும் நுனியில் கல் கட்டித் தொங்கவிட வேண்டும். சொல்லுவதற்கு இவ்வளவுதான். ஆனால் எந்தக் கல்? கனம் கூடிவிட்டால் பிஞ்சு காம்போடு அற்று விழும். குறைந்துபோனால் காய் அதைச் சட்டை செய்யாது. தாத்தா துவைகல் ஓரத்தில் ஒரு சிரட்டை நிறையக் கூழாங்கல் வைத்திருக்கிறார். வழவழவென்று இருப்பதைப் பார்த்தால் ஆற்றில் பொறுக்கியவை போலிருக்கிறது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிறார். சரியில்லை. இன்னொன்று. அதுவும் சரியில்லை. மூன்றாவதை எடுத்து, நனைத்து வைத்த வாழைநாரில் இரண்டு சுற்றுச் சுற்றி, பிஞ்சின் மூக்கில் தளர்வாக முடிச்சுப் போடுகிறார். நார் இறுகினால் காய் பருக்கும்போது அறுத்துவிடும். போட்டு முடித்ததும் ஆட்காட்டி விரலால் கல்லைத் தட்டி ஆடவிட்டு, அது ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறார். பழ ஈ கொட்டாமலிருக்கப் பிஞ்சுக்கு நேற்றைய பேப்பரில் ஒரு சட்டை. இப்படி ஒரு காய்க்குக் கால்மணி நேரம்.

இதற்குள் அடுக்களையில் தேங்காய் உடைபடும் சத்தம். இரண்டு தேங்காய். ஆட்கள் இரண்டு பேர்தானே என்று நினைத்தால், பின்வாசல் படியில் ஆச்சி முருங்கைக்காய், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு அரிவாள்மணையோடு உட்காருகிறார். சொதி!

திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சொதி என்றால் இங்கே கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுப் பந்தியில் விடுகிற குழம்பு. புளி கிடையாது, மிளகாய்ப்பொடி கிடையாது. தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும், காரத்துக்கு இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்த விழுது, புளிப்புக்கு எலுமிச்சம்பழம். கூட இஞ்சிப்பச்சடி இல்லாமல் பரிமாற மாட்டார்கள். அவ்வளவு தேங்காய்ப்பாலை வயிறு தாங்க வேண்டாமா? நூறு பேர் உட்காருகிற பந்திக்கு உரிய அந்தக் குழம்பை, கல்யாணமும் இல்லாமல் விருந்தாளியும் இல்லாமல், இரண்டு கிழங்கள் தங்களுக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாமெல்லாம் நல்ல பட்டுப்புடவையையும் நல்ல சாப்பாட்டையும் விசேஷத்துக்கென்று பெட்டியில் பூட்டி வைக்கிற ஜாதி.

ஆச்சி மிக்சியில் அரைத்தார். அதில் ஒன்றும் வீம்பு இல்லை. ஆனால் பிழிவது கையால்தான். வெள்ளைத் துணியில் துருவலைக் கொட்டி முறுக்கி, கெட்டியாக வந்த முதல் பாலைத் தனியே ஒரு கிண்ணத்தில் மூடி வைத்தார். பிறகு வெந்நீர் தெளித்து இரண்டாம் பால், அதற்குப் பிறகு மூன்றாம் பால். காய்கள் வேகிறது மூன்றாம் பாலில். அது சுண்டி வந்ததும் இரண்டாம் பால். முதலில் பிழிந்த பால்தான் கடைசியில் போகும். ஊற்றியபின் கொதிக்க விடக்கூடாது. ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், தவறினால் திரிந்துவிடும். அதனால் சொதி வைக்கிறவர்கள் அந்தக் கடைசி இரண்டு நிமிஷம் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்கள்.

அடுக்களை ஜன்னல் திண்டில் ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. காலையிலிருந்து ராத்திரி வரை அது திருநெல்வேலி வானொலிதான். 1963-ல் தொடங்கிய நிலையம். இருப்பதும் இதே பாளையங்கோட்டையில். செய்தி, விவசாயிகளுக்கு உரை, நேயர் விருப்பம் எல்லாமே ஒரே சத்தத்தில் ஓடும். யாரும் காதுகொடுத்துக் கேட்பதாகத் தெரியாது. ஆனால் பாட்டரி தீர்ந்து நின்றுபோனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

ஆச்சி முதல் பாலை ஊற்றிக் கரண்டியைப் போட்ட நேரத்தில் டிரான்சிஸ்டரில் ஒரு நாதஸ்வரம் கிளம்பியது. ‘கொஞ்சும் சலங்கை’ படத்துப் பாட்டு. 1962-ல் வந்த படம், இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் ஆபேரியில் மாறிமாறி ஏறும். இரண்டு வருஷத்தில் காருகுறிச்சியார் காலமாகிவிட்டார், 45 வயதுகூட ஆகவில்லை. இன்றைக்கும் சேரன்மகாதேவிப் பக்கம் காருகுறிச்சி ஊர் வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் சிலர் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் பக்கத்து ஸீட்காரரிடம் அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

“ஏளா, காருகுறிச்சி!” என்று பந்தலுக்குள்ளிருந்து தாத்தா.

“கேக்கு, கேக்கு. நீங்க கொஞ்சம் வாய மூடுங்க.”

ஆச்சி பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டுப் படிக்கு வந்து நின்றார். கையில் நறுக்கிய எலுமிச்சை மூடி அப்படியே இருந்தது. தாத்தா பல்லில் நாரைக் கடித்தபடி, ஒரு கையில் பிஞ்சும் ஒரு கையில் கல்லுமாக நின்றார். குரல் ஒரு ஸ்வரக்கொத்தை விட, நாதஸ்வரம் அதை அப்படியே வாங்கித் திருப்பித் தரும் இடம் வந்ததும் தாத்தாவின் தலை ஒருபக்கம் சாய்ந்தது. ஆச்சி கால் கட்டைவிரலால் படியில் தாளம் போட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் தாத்தா முடிச்சைப் போட்டார், ஆச்சி உள்ளே போய் எலுமிச்சையைப் பிழிந்தார். எலுமிச்சையை இறக்கியபின் பிழிவதுதான் முறை என்பதால் குழம்புக்கும் சேதமில்லை.

என் போனில் அந்தப் பாட்டு எந்த நேரமும் கிடைக்கும். எந்த நேரமும் கிடைக்கும் என்கிற தைரியத்திலேயே நான் அதைப் போட்டுக் கேட்டு வருஷக்கணக்காகிறது. அந்த வீட்டிலோ எதுவும் இவர்கள் சொன்ன நேரத்துக்கு நடக்காது. பாட்டு அது வருகிற நேரத்துக்கு வரும், பால் அது நுரைக்கிற நேரத்துக்கு நுரைக்கும். இவர்கள்தான் அந்தந்த நேரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இருக்கிறார்கள். அவர்கள் சுகம் என்று நான் கண்டது இதைத்தான். ‘ரிட்டயராகி ஹாயாக இருக்கிறார்கள்’ என்று தெருவில் யாரோ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஹாயாக இருப்பது நான்தான், ஜன்னலில்.

மத்தியானச் சாப்பாடு உள்ளே நடந்தது, எனக்குத் தெரியாது. ஒரு தூக்குவாளி பக்கத்து வீட்டுக்குப் போனதையும், பிறகு வெகுநேரம் புறவாசலில் ஆளே இல்லாததையும் சொல்லலாம்.

நாலரை மணிக்கு ஆச்சி பிச்சிக்கொடிக்கு வந்தார். பிச்சியை மொட்டாகவே பறித்துவிட வேண்டும். மலர்ந்தபின் பறித்தால் தொடுக்கும்போதே இதழ் வாடும். வெளியே இளஞ்சிவப்பு ஓடிய நீள மொட்டுகளை மட்டும் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு, காலையில் புடலைக்கு நனைத்த நாரில் மிச்சத்தை எடுத்துத் தொடுத்தார். காய்க்குக் கல் கட்டிய அதே நார்! விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு முழம் சேர்ந்தது. பாதி சாமி படத்துக்கு, பாதி தலைக்கு.

இருட்டியதும் மறுபடி பந்தலில் வேலை. புடலைப்பூ பொழுது சாய்ந்தபின்தான் விரியும். வெள்ளைப் பூ, இதழ் ஓரமெல்லாம் நூல்நூலாகப் பிரிந்து தொங்கும். காட்டில் என்றால் அந்துப்பூச்சி வந்து மகரந்தம் சேர்த்துவிடும். வீடுகள் நெருங்கிய இடத்தில், தெருவிளக்கு வெளிச்சத்தில், அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது. தாத்தா நீளக் காம்பில் கொத்தாக இருக்கும் ஆண்பூவில் ஒன்றைக் கிள்ளி, அடியில் சின்னப் பிஞ்சோடு தனியாக நிற்கும் பெண்பூவைத் தேடினார். ஆச்சி டார்ச்.

“இங்கன பிடி. இங்கனங்கேன்.”

“எங்கன? கையை எடுத்தால்ல தெரியும்.”

ஆண்பூவைப் பெண்பூவில் மெதுவாக ஒற்றி எடுத்தார். ஒன்று முடிந்து அடுத்தது. ஆச்சி தலையிலிருந்த பிச்சி அதற்குள் மலர்ந்திருக்க வேண்டும். வாசனை என் ஜன்னல்வரை வந்தது. உள்ளே டிரான்சிஸ்டரில் ஏதோ பழைய பாட்டு. தாத்தாவுக்கு உடனே இலங்கை வானொலி ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்த அந்த நிலையம்தான் தென்மாவட்டத்து வீடுகளுக்குப் பாட்டுப்பெட்டி. பொழுது சாய்ந்தால் மத்திய அலை இன்னும் தொலைவுக்குப் பாயும் என்பதால் ராத்திரியில் இன்னும் துல்லியம். அதன் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா பேசிய வேகத்தைத் தாத்தா பூவும் கையுமாகப் பேசிக்காட்ட, டார்ச் வெளிச்சம் குலுங்கியது. ஆச்சி சிரிக்கிறார் என்று அதிலிருந்துதான் தெரிந்தது.

புதன்கிழமை மூன்று காய் அறுத்தார்கள். மூன்றும் நேராக, ஒரு கை நீளம். ஒன்று கூட்டாயிற்று, இரண்டு அக்கம்பக்கம் போயிற்று. கொடியின் அடியில் ஒரு காயை மட்டும் விதைக்கென்று விட்டிருக்கிறார். அது பழுத்துச் சிவந்ததும் சதையைக் கழுவி, சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்து எடுத்துவைத்தால் அடுத்த ஆடிக்கு விதை தயார். கூட்டு வைக்கக் காய் வேண்டும் என்பது மட்டும்தான் கணக்கு என்றால், மகாராஜநகர் உழவர் சந்தையில் இதே புடலை காலையிலேயே மலிவாகக் கிடைக்கிறது. ராத்திரி டார்ச் பிடிக்க வீட்டில் ஆள் இல்லாதவர்களும், இருந்தும் கூப்பிடச் சோம்பல்படுகிறவர்களும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.