ஆர்.சி. யார் பேர்ல இருக்கு, தம்பி?

கம்பத்தில் கார், பைக் பாலிசிகள் எழுதும் ஏஜென்ட் நான். வண்டி நம்பரைத் தட்டினால் பிரீமியம் திரையில் வந்துவிடும். அதை யாரும் செய்யலாம். தட்டுவதற்கு முன்னால் என்ன கேட்கிறோம் என்பதில்தான் இந்தத் தொழில் இருக்கிறது.

இரண்டு மூன்று பையன்கள் பணம் போட்டு ஒரு பழைய மாருதி 800-ஐயோ ஆல்டோவையோ வாங்கிக்கொண்டு வரும்போது அந்தக் கேள்விகள் இன்னும் அவசியமாகின்றன. “சும்மா தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டு விடுங்கண்ணே, செக்கிங்ல பிடிக்காம இருந்தா போதும்” என்பார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை அபராதம் 2,000 ரூபாய். அந்தப் பயம் அவர்களுக்கு. நான் பதிலுக்கு மூன்று கேட்பேன். ஆர்.சி. யார் பேரில்? யார் யார் ஓட்டுவீர்கள்? வண்டியில் யாரை, எதை ஏற்றுவீர்கள்?

பிரிட்டனில் இளவயது ஓட்டுநர் என்றாலே பிரீமியம் எகிறும். நம் ஊரில் தேர்ட் பார்ட்டி கட்டணத்தை மத்திய அரசு இன்ஜின் அளவைப் பார்த்து நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-இல் அமலான கட்டணப்படி 1,000 சி.சி.க்குட்பட்ட சொந்தக் காருக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மாருதி 800-உம் பழைய ஆல்டோவும் 796 சி.சி. ஓட்டுபவருக்கு 20 வயதானாலும் 60 ஆனாலும் தொகை ஒன்றுதான். இளைஞர்களுக்கு இது நல்ல சலுகை. ஆனால் விலை கேட்கும்போது யார் ஓட்டப்போகிறார்கள் என்று ஒருவரும் விசாரிக்காததால், மூன்று பேருமே பாலிசிக்குள் இருக்கிறோம் என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். பாலிசிக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்: ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்.

பல நேரம் அந்தப் பெயர் மூவரில் ஒருவருடையதாகக்கூட இருக்காது. விற்றவர் பெயரே நீடிக்கும். இது இரண்டு பக்கமும் கடிக்கும். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விற்றுவிட்டேன் என்று அவர் கைகழுவ முடியாது. வாங்கியவர்களுக்கு வேறு சிக்கல். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு சட்டப்படி வண்டியோடு கைமாறிவிடும். சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படித் தானாக மாறாது என்பது எப்போதோ தீர்ப்பான விஷயம். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். விற்றவர் சேர்த்துவைத்த நோ கிளைம் போனஸும் அவரோடு போய்விடும். அது காருக்கு உரியதல்ல.

அடுத்தது காருக்குள் இருப்பவர்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் நண்பர்களோடு ஏறும் கார் உருண்டால் எதிரே வந்தவருக்கு, தெருவில் நின்றவருக்குத் தேர்ட் பார்ட்டி பாலிசி பதில் சொல்லும். கூட வந்த நண்பர்கள் அதில் சேரமாட்டார்கள். முழு பாலிசி, அதாவது பேக்கேஜ் இருந்தால் சொந்தக் காரில் பயணிப்பவரும் பாதுகாப்புக்குள் வருவார் என்று 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

அப்போதும் ஸ்டீயரிங் பிடித்தவர் தனியாக நிற்கிறார். அடுத்தவர் வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்துக்கே வந்துவிடுகிறார் என்பது 2009-ஆம் ஆண்டு நிங்கம்மா வழக்கின் சாரம். உரிமையாளருக்கென்று 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. அது லைசென்ஸ் வைத்திருக்கும் ஆர்.சி. உரிமையாளருக்கு மட்டும். பாதிப் பணம் போட்ட பங்காளி ஓட்டும்போது அந்தப் பதினைந்து லட்சம் அவருக்குக் கிடையாது. லைசென்ஸ் இல்லாத அப்பா பேரில் ஆர்.சி. இருந்தால் வீட்டில் யாருக்குமே கிடையாது.

மூன்றாவது கேள்விக்குத்தான் பையன்கள் தயங்குவார்கள். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்கள் விடியுமுன்னே மலையேறும் ஊர் இது. ஐயப்ப சீசனில் குமுளி சாலை நிரம்பி வழியும். போகிற வழியில் நாலு பேரை ஏற்றினால் பெட்ரோல் காசு தேறும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் ஓன் போர்டு கார் பாலிசியில் வாடகைக்கு ஆள் ஏற்றுவதும் சரக்கு ஏற்றுவதும் வெளிப்படையாக விலக்கப்பட்டவை. அன்றைக்கு விபத்தானால் சொந்தச் சேத கிளைம் நிராகரிக்கப்படும். மூன்றாம் நபருக்குக் கம்பெனியே கொடுத்தாலும் அந்தப் பணத்தை உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கலாம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினாலும் இதே கதிதான்.

பழைய காருக்கு பேக்கேஜ் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. சேதமான பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். ஒவ்வொரு கிளைமிலும் முதல் 1,000 ரூபாய் நம் தலையில். பம்பரை மட்டும் நினைத்தால் லாபமில்லைதான். உள்ளே உட்காரும் உயிர்களை நினைத்தே நான் பேக்கேஜ் எழுதச் சொல்கிறேன். காரின் மதிப்பு குறைவாக இருப்பதால் கூடுதலாகக் கட்டும் தொகையும் குறைவே. பெயர் குறிப்பிடாத பயணிகளுக்குத் தலைக்கு 2 லட்சம் வரை விபத்துப் பாதுகாப்பைச் சிறு தொகையில் சேர்க்கலாம். வண்டிக்கு வயதாகி, எந்தக் கம்பெனியும் பேக்கேஜ் தராவிட்டால் ஆளுக்கொரு தனிநபர் விபத்து பாலிசி எடுங்கள். குறைந்தபட்சம், வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்து 2 லட்சம் பாதுகாப்புத் தரும் பிரதமரின் சுரக்ஷா பீமாவிலாவது மூவரும் சேருங்கள்.

தம்பிகளே, காரைப் பங்கு போட்டு வாங்குவதில் தவறே இல்லை. வாங்கிய வாரமே ஆர்.சி.யை உங்களில் லைசென்ஸ் உள்ள ஒருவர் பேருக்கு மாற்றுங்கள். யார் ஓட்டுவது, யார் கட்டுவது, விபத்தானால் யார் பொறுப்பு என்று மூவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் ஏஜென்டிடம் உண்மையைச் சொல்லிப் பாலிசி கேளுங்கள். அவர் கேள்வியே கேட்காமல் பாலிசியை நீட்டினால், வேறு ஏஜென்டைப் பாருங்கள்.