உதவவும் கற்க வேண்டும்

கல்விக்குக் கொடை அளிப்பது தமிழர் வழிவழியாகப் போற்றிவரும் அறம். பிழைப்பு நாடி வேற்று மாநிலம் வந்த நாமும் அதனை மறந்தோமில்லை. ஆண்டு விழாவில் ஏழை மாணவர்க்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்காத தமிழ்ச் சங்கம் அரிது. ஆயினும், கல்லூரி வாயிலில் நிற்கும் பிள்ளைக்கு நம் சிறு கொடை போதாது. அரசும் வங்கியும் அப்பிள்ளைக்கென வகுத்துள்ள தொகையை அதன் கையில் சேர்க்கும் வழியை நாம் அறிந்திருக்க வேண்டும். மும்பையில், எங்கள் சங்கத்தின் கல்வியுதவிக் குழுவில் தொண்டாற்றிய ஆண்டுகள் எங்களுக்குப் புகட்டிய பாடம் இதுவே.

ஞாயிறு காலைகளில் சங்க நூலகத்தில் இரண்டு மேசைகளை இட்டு அமர்வோம். தாராவியிலிருந்தும் சீதா கேம்ப்பிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளுடன் வருவர். முதல் இடையூறு பெயரிலேயே தொடங்கும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடுவது நம் மரபு. இங்குள்ள படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கும். பள்ளிச் சான்றிதழில் 'மு. செல்வி', ஆதாரில் 'செல்வி முருகன்', வங்கிப் புத்தகத்தில் வெறும் 'செல்வி'. 2015 முதல் இயங்கும் தேசிய உதவித்தொகை இணையதளத்தின் வழியே பணம் நேராக மாணவர் கணக்கிற்குச் செல்கிறது. பெயர்கள் ஒவ்வாவிடில் தகுதியுள்ள பிள்ளையின் விண்ணப்பமும் தடைபடக் கூடும்.

அடுத்த சிக்கல் இன்னும் கடுமையானது. பட்டியல் சாதி மாணவர்க்குப் பத்தாம் வகுப்பிற்குப் பின் வழங்கப்படும் உதவித்தொகை 1944இலேயே தொடங்கிய பழைய திட்டம். மாணவர் வேறு மாநிலத்தில் பயின்றாலும், அவரது சொந்த மாநிலமே அதனை வழங்க வேண்டும் என்பது விதி. மேலும், ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளோர் மற்றொரு மாநிலத்தில் குடியேறினால், அங்கே அச்சலுகையை உரிமையாகக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றைப் பற்றிய வழக்கு அது. எனவே, குடும்பத்தின் சொந்த மாநிலம் எதுவென ஆவணங்கொண்டு முதலில் தெளிய வேண்டும். இரு மாநிலங்களுக்கும் இடையே அலைவதற்குள் கடைசி நாள் கடந்தால், அவ்வாண்டு உதவி போனது போனதுதான்.

இட்லி அவித்து விற்கும் தாய் ஒருவர் தம் மகளுடன் வந்தார். செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கல்விக் கடன் கேட்டுச் சென்ற வங்கியிலோ வீட்டுப் பத்திரம் கேட்டனர். வாடகை அறையில் வாழ்பவரிடம் பத்திரம் ஏது? "அண்ணாச்சி, வட்டிக்கு வாங்கிக் கட்டிரட்டுமா, இல்ல இந்த வருசம் வேண்டாம்னு விட்டுரட்டுமா?" என்று அவர் கேட்டபோது, அருகே நின்ற மகள் தலை நிமிரவில்லை.

இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்த மாதிரித் திட்டப்படி, நான்கு லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை வேண்டியதில்லை. அவர்கள் கேட்ட தொகையும் அவ்வரம்பிற்குள் அடங்கியதே. எங்கள் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் அவ்விதியைச் சுட்டி மனு எழுதித் தந்தார். கிளை மேலாளர் மனுவை மறுபடி பரிசீலித்தார், கடன் கிடைத்தது. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும் என்பதையும், இடைக்காலத்தில் வட்டி ஏறும் என்பதையும் தாய்க்கும் மகளுக்கும் விளக்கியே அனுப்பினோம். கடனை வாங்கித் தந்துவிட்டுச் சுமையைச் சொல்லாது விடுவது தொண்டாகாது.

அதன்பின் மாதம் ஒரு மாலையைக் கற்பதற்கென ஒதுக்கினோம். வங்கி அலுவலர் கடன் விதிகளை விளக்குவார். கல்லூரி அலுவலக எழுத்தர் ஒருவர் சான்றிதழ் நடைமுறைகளைச் சொல்லித் தருவார். விடை தெரியாத வினாக்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, அடுத்த கூட்டத்திற்குள் விடை தேடி வருவோம். இதனால் நாங்களும் வளர்ந்தோம். அலுவலகத்தில் வாய் திறக்கக் கூசிய தட்டச்சர் அதிகாரிகளிடம் தெளிவாக வாதிடலானார். இல்லத்தரசி ஒருவர் இன்று மராத்தியில் விண்ணப்பம் எழுதுகிறார்.

அமெரிக்காவில் இப்பணி ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. அங்கு உயர்கல்விச் சட்டத்தில் 1965இல் கையெழுத்திட்ட அதிபர் ஜான்சன், கடன் பெற்றும் வேலை செய்தும் கல்லூரியில் படித்தவர். மறு ஆண்டே, மாணவர் நிதியுதவி நிர்வாகிகள் தமக்கென ஒரு தேசியச் சங்கம் கண்டனர். மாநிலந்தோறும் உள்ள இத்தகைய சங்கங்களில், அலுவலர்கள் தம் வேலைக்கு இடையே ஊதியமின்றித் தொண்டாற்றி, ஒருவர்க்கொருவர் பயிற்சி அளிக்கின்றனர். தந்தை வேலை இழந்தது போன்ற தனி நிலைகளில், ஆவணங்களை ஆராய்ந்து குடும்ப வருமானக் கணக்கைத் திருத்தும் அதிகாரத்தை அந்நாட்டுச் சட்டம் அவ்வலுவலர்க்குத் தருகிறது. அதிகாரம் உடையவர்க்கே அத்துணைப் பயிற்சி வேண்டுமெனில், அறிவொன்றையே துணையாகக் கொண்ட நமக்கு எவ்வளவு வேண்டும்!

விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. சென்ற ஆண்டு கற்றது இவ்வாண்டு பயன்படாது போகலாம். ஆகவே, இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் வங்கியிலும் கல்லூரியிலும் அரசு அலுவலகத்திலும் பணியாற்றியோர், தாம் அறிந்ததைத் தம் ஊர்ச் சங்கத்தில் நால்வர்க்கேனும் கற்பிக்க முன்வர வேண்டுகிறோம். நாம் வந்த நாளில் நமக்கு வழிகாட்ட ஆளில்லை. நம் பிள்ளைகளுக்கேனும் அக்குறை நேரலாகாது.