விரைவு வண்டியை அடக்கி ஓட்டுதல்

மோட்டார் வண்டிகளில் இரு வகை உண்டு. காலை அழுத்தினாலன்றி ஓடாதவை ஒரு வகை. காலை அடக்கிக்கொண்டே இருந்தாலன்றி நிதானத்துக்கு வாராதவை மற்றொரு வகை. பின்னதைத்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்று உலகம் அழைக்கிறது. அத்தகைய வண்டியொன்று நான்கு ஆண்டுகளாக நம் இல்லத்தில் இருக்கிறது. அதனை விரைவாக ஓட்டுவது எவ்வாறு என்று சொல்லும் நூல்கள் பல. சொல்லித்தரும் ஆசிரியர்களும் பலர். மெல்ல ஓட்டுவது எவ்வாறு என்று சொல்வாரை நாம் கண்டதில்லை. ஆதலால் நாம் பழகி அறிந்த அளவில் சிலவற்றை இங்கே எழுத விழைகிறோம்.

தில்லித் தமிழர் இல்லங்களில் இவ்வகை வண்டி அரிது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், ஆண்டுக்கொரு முறை ஊர்ப் பயணம் என்று வாழும் நமக்கு இரண்டே இருக்கைகள் கொண்ட வண்டி எதற்கு என்று கேட்பவர் உண்டு, கேள்வி நியாயமானதே. இருவர் கைமாறி மூன்றாவதாக நம்மிடம் வந்து சேர்ந்த ஜெர்மானிய வண்டி அது. சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அதில் சென்று இறங்கியபோது, மூத்த அம்மையார் ஒருவர் அதனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. ஊருக்குப் போய்த் திரும்பும்போது அரிசி மூட்டையை எங்கே வைப்பாய்?" என்று கேட்டார். அதற்கு இன்றளவும் நம்மிடம் விடை இல்லை.

250 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை ஆறு விநாடிக்குள் எட்டிவிடும். இத்தகைய வண்டியில் அமர்ந்தவுடன் கால் தானே அழுந்துகிறது என்று பலர் கூறுவர். நம் அனுபவம் அப்படியன்று. தனியே, எவரும் பார்க்காத சாலையில், அதிகாலையில் செல்லும்போது அந்த அவா நமக்கு மிகக் குறைவாகவே எழுந்திருக்கிறது. அது எழுவது பெரும்பாலும் பிறர் அருகில் இருக்கும்போதுதான். சிவப்பு விளக்கில் நிற்கிறோம். பக்கத்தில் வெள்ளை நிற வண்டியொன்று வந்து நிற்கிறது. உள்ளே இளைஞர் மூவர். நம் வண்டியைப் பார்க்கின்றனர். பிறகு தம் எஞ்சினை இருமுறை உறுமச் செய்கின்றனர். அந்த உறுமல் ஒரு வினா. அதற்கு விடை சொல்ல வேண்டும் என்று நம் வலக்கால் துடிக்கிறது. அந்த நொடியில் துடிப்பது எஞ்சின் அன்று, நம் செருக்கே என்பதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு ஓர் எளிய வழி உண்டு. விளக்கு பச்சையான பின்னும் இரண்டு எண்ணும் வரை அசையாமல் இருப்போம். அதற்குள் அவர்கள் போய்விடுவார்கள். பின்னாலிருப்பவர் ஹாரன் அடிப்பார். தில்லியில் அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை.

சாலையில் போட்டியிடுவது செருக்கு மட்டுமன்று, குற்றமும் ஆகும். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 189 ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சி அடங்குவது கேமரா இருக்கும் இடம் வரைதான் நிலைக்கும்.

கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை செல்லும் யமுனா விரைவுச்சாலையை இங்குள்ள அன்பர்கள் அறிவர். 2012 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இச்சாலையின் நீளம் 165 கிலோமீட்டர். கார்களுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது வரம்பு. மூடுபனி சூழும் குளிர்காலத்தில் அண்மை ஆண்டுகளில் இதனை 75 ஆகக் குறைத்து வருகின்றனர். நேரான காங்கிரீட் சாலை, இருபுறமும் வயல். நம் வண்டிக்கு இங்கே 100 என்பது தாலாட்டு. எஞ்சின் ஓடுகிறதா என்று ஐயுறும்படி இருக்கும். அவா மிகுந்து சோதிக்கும் இடம் இதுவே.

நம் மகன் பதினோராம் வகுப்பில் இயற்பியல் பயில்கிறான். சென்ற ஆண்டு அவனும் நாமும் ஆக்ரா சென்றபோது, பெரிய வண்டியொன்று மின்னலெனக் கடந்து சென்றது. "அப்பா, அவன் நம்மைத் தாண்டிவிட்டானே! நம் வண்டியால் அவனைப் பிடிக்க முடியாதா?" என்றான். "முடியும்" என்றோம். "பிறகு ஏன் சும்மா இருக்கிறீர்கள்?" என்றான். உபதேசம் செய்தால் பதினாறு வயதுப் பிள்ளை கேட்பதில்லை. ஆகவே கணக்குப் போடச் சொன்னோம். 165 கிலோமீட்டரை 100 வேகத்தில் கடக்க 99 நிமிடம். 140 வேகத்தில், வழியில் எங்கும் குறையாமல் ஓடினால், ஏறத்தாழ 71 நிமிடம். மிச்சம் 28 நிமிடம். ஆக்ரா நகருக்குள் நுழைந்தபின் கோட்டை வரை ஊர்வதற்கே அன்று நமக்கு அதைவிட அதிக நேரம் பிடித்தது. இக்கணக்கு அவனை முழுதும் கவரவில்லை. "நேரத்துக்காகவா வேகமாகப் போகிறார்கள்? சந்தோஷத்துக்காகத்தானே!" என்றான். பிள்ளை சொன்னது உண்மை, நாம் மறுக்கவில்லை.

இரண்டாம் கணக்கு வேறு விதமாக முடிந்தது. சாலையில் திடீரென ஒரு மாடு குறுக்கே நிற்பதாக வைத்துக்கொள்வோம். கண் கண்டு கால் பிரேக்கைச் சேர ஒரு விநாடி ஆகும். சாலை உலர்ந்தது, டயர் நல்லது, வண்டி வேகம் குறையும் அளவு புவியீர்ப்பு முடுக்கத்துக்கு நிகரானது என்று நம் வண்டிக்குச் சாதகமாகவே எல்லாவற்றையும் கொள்வோம். 100 வேகத்தில் அந்த ஒரு விநாடிக்குள் 28 மீட்டர் ஓடிவிடுகிறோம், பிறகு நிற்பதற்கு 39 மீட்டர், ஆக 67. 140 வேகத்தில் முதல் விநாடிக்கு 39 மீட்டர், நிற்பதற்கு 77, ஆக 116. இதுவரை அவன் வியப்படையவில்லை. "100 வேகத்தில் வந்தவன் முழுதும் நின்றுவிட்ட அந்த 67 ஆவது மீட்டரில், 140 வேகத்தில் வந்தவன் என்ன வேகத்தில் இருப்பான்?" என்று கேட்டோம். "நாற்பது, ஐம்பது இருக்கும்" என்றான். உணவகத்தில் தந்த சீட்டின் பின்புறம் எழுதிப் பார்த்தான். விடை ஏறத்தாழ 110. மீண்டும் ஒருமுறை போட்டான், மாறவில்லை. முதல்வன் மாட்டின் முன் நின்று மூச்சு விடுகிறான். இரண்டாமவன் அதே இடத்தை, முதல்வன் புறப்பட்ட வேகத்தைவிட மிகுந்த வேகத்தோடு வந்தடைகிறான். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை அவன் பள்ளியில் படித்ததுதான்; அன்றுதான் அது அவனுக்கு மாடாகத் தெரிந்தது.

மாடு மட்டுமா? வேலி அறுந்த இடத்தில் கடக்கும் கிராமத்தார், விளக்கின்றி ஓரம் கட்டிய லாரி, வெப்பத்தில் டயர் வெடித்து நிற்கும் வண்டி, எதிர்த் திசையில் வரும் மோட்டார் சைக்கிள், எல்லாம் இச்சாலைகளில் உண்டு. 2022 ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் உயிர் நீத்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு 71 பேரின் இறப்புக்கு மிகுவேகமே காரணமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது.

கண் ஏமாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். நெடுநேரம் விரைந்து சென்றபின் 60 கிலோமீட்டருக்குக் குறைத்தால் வண்டி நின்றுவிட்டது போலத் தோன்றும். விரைவுச்சாலையை விட்டு ஊர்த் தெருவுக்குள் இறங்கும் முதல் ஐந்து நிமிடம் இதனால் மிகக் கொடியது. பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடத்தில் 60 என்பது நிதானமாகப் படும். அந்த ஐந்து நிமிடத்தில் நம் உடலை நாம் நம்புவதில்லை. வேகமானியின் முள்ளை மட்டுமே நம்புகிறோம். இல்லத்தரசி உடன் வரும்போது வேறொரு கருவியும் உண்டு. வேகம் மிகுமுன்பே அவர் கை கதவின் பிடியைத் தேடும். வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்.

விரைவில் வல்லவர்கள் இதில் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தால் இருவர் நினைவுக்கு வருகின்றனர். மைக் ஹாத்தார்ன் என்பவர் 1958 ஆம் ஆண்டில் மோட்டார் பந்தய உலக வாகையர் ஆனார். பிரிட்டனிலிருந்து அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. பட்டம் பெற்றதும் பந்தயத்திலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். பந்தயக் களத்தின் ஆபத்துக்களை எல்லாம் கடந்து வந்தவர். ஆனால் 1959 ஜனவரி 22 அன்று கில்ட்ஃபோர்டு நகரருகே பொதுச் சாலையில் தம் ஜாகுவார் வண்டியில் சென்றார். வழியில் நண்பர் ராப் வாக்கர் தம் மெர்சிடிஸ் வண்டியில் சென்றுகொண்டிருந்தார். ஹாத்தார்ன் அவரை முந்தினார். சாலை ஈரமாயிருந்தது. வண்டி நிலைகுலைந்து மரத்தில் மோதியது. வயது 29. உலகத்தையே வென்றவருக்கு ஒரு நண்பரின் வண்டியைப் பின்னால் விட்டுச் செல்வதில் என்ன புகழ் கூடியிருக்கும்?

மற்றவர் ஜாக்கி ஸ்டூவர்ட். 1969, 1971, 1973 ஆகிய ஆண்டுகளில் மும்முறை உலக வாகையர். 1966 இல் பெல்ஜியம் நாட்டின் ஸ்பா களத்தில் மழையில் வண்டி தடம் புரண்டு, பெட்ரோல் கசியும் வண்டிக்குள் சிக்கிக் கிடந்து மீண்டார். அதன்பின் இடுப்புவார், தடுப்புச் சுவர், களத்தில் மருத்துவர் என்று இடைவிடாது போராடினார். அதனால் சிலர் அவரைக் கோழை என்றனர். அவர் வெல்வதை அது தடுக்கவில்லை.

யமுனா விரைவுச்சாலையை ஒட்டியே புத்த் சர்வதேசப் பந்தயக்களம் இருக்கிறது. 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் ஃபார்முலா ஒன் பந்தயம் அங்கே நடந்தது. முதல் ஆண்டில் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அதில் ஓட்டியபோது தில்லித் தமிழர் பலர் வெயிலில் அமர்ந்து பார்த்தனர். பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தம் வண்டியை ஓட்டவும் அங்கே நாட்கள் ஒதுக்கப்பட்டதுண்டு. நாமும் ஒரு நாள் ஓட்டினோம். தலைக்கவசம் அணிவித்தனர், பக்கத்தில் ஓர் ஆசிரியரை அமர்த்தினர். எல்லா வண்டிகளும் ஒரே திசையில் செல்கின்றன. வழுக்கினால் ஒதுங்க அகன்ற வெளி இருக்கிறது. கொடி காட்டும் காவலர், ஆம்புலன்ஸ் எல்லாம் காத்திருக்கின்றன. அங்கே காலை முழுதும் அழுத்தினோம். நெஞ்சு அடைத்தது, மகிழ்ச்சியே, ஐயமில்லை. ஆறாவது சுற்றில் உள்ளங்கை வியர்த்து, கழுத்து நொந்து, "போதும், ஐயா" என்றோம். அந்த நாளுக்குப் பின் சாலையில் உறுமும் வண்டிகளைக் கண்டால் நமக்குப் பொறாமை எழுவதில்லை. உண்மையான வேகத்துக்கு எத்தனை காவல் வேண்டும் என்று பார்த்துவிட்டோம். சிலர் அக்களத்திலிருந்து திரும்பும்போது முன்னிலும் சூடேறி வருவதுண்டு. அத்தகையோர் அன்று வீட்டுக்கு வேறொருவரை வண்டி ஓட்டச் சொல்வது நலம்.

அப்படியானால் அன்றாடச் சாலையில் இந்த வண்டியால் இன்பமே இல்லையா? உண்டு. நம் வண்டியில் கியரைக் கையால் மாற்ற வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது எஞ்சினின் சுழற்சியைச் சற்றே கூட்டி, கிளச்சை விடும் நொடியில் குலுக்கலே இல்லாமல் சேர்ப்பது ஒரு வித்தை. 40 கிலோமீட்டர் வேகத்திலும் அதைச் செய்யலாம். முக்கால் பங்கு நீர் நிறைந்த குவளையை அதன் தாங்கியில் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து கோயில் வரை ஒரு சொட்டும் சிந்தாமல் செல்வோம். பிரேக்கை விடும் விதம், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும் விதம், வேகத்தடையில் ஏறும் விதம் எல்லாம் அக்குவளையில் தெரிந்துவிடும். சிக்கனமும் உண்டு, இவ்வண்டியின் டயர் விலையைக் கேட்டால் எவருக்கும் கால் தானே இலேசாகும். எஞ்சினை உக்கிரமாக்கும் விசையொன்று வண்டியில் இருக்கிறது. நகருக்குள் அதனைத் தொடுவதில்லை என்பது நமக்கு நாமே வைத்துக்கொண்ட கட்டளை. குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்பே புறப்படுவது மற்றொன்று. தாமதித்துப் புறப்பட்டவன் காலை அடக்குவது மிக அரிது.

வரும் ஆண்டில் மகனுக்குப் பதினெட்டு நிறைகிறது. பயிற்சி உரிமம் எடுக்க இப்போதே விவரம் கேட்டு வைத்திருக்கிறான். நான்கு ஆண்டுகளாக அந்த இடப்பக்க இருக்கையில் அமர்ந்து அவன் கற்றது என்னவென்பது அப்போதுதான் நமக்குத் தெரியும். நாம் சொன்னவற்றைவிட நம் வலக்காலைத்தான் அவன் அதிகம் பார்த்திருக்கிறான். சாவியை எப்போது கொடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முதல் ஈராண்டு வீட்டிலிருக்கும் பழைய சிறிய மாருதியை ஓட்டட்டும் என்று இல்லத்தரசி கூறியிருக்கிறார். மகன் அதற்கு இன்னும் உடன்படவில்லை. அரிசி மூட்டை அதில் தாராளமாகக் கொள்ளும்.