சிதம்பரம் கப்பலும் ஒரு சாட்சியும்



கள்ளிக்காட்டுச் சபையின் மூத்த விசுவாசிகளிடம் "சிதம்பரம்" என்று சொன்னால், அவர்களுக்கு ஊர் நினைவுக்கு வராது, கப்பல்தான் வரும். பிரான்சு தேசத்தில் 1966இல் "பாஸ்தர்" என்னும் பெயரோடு ஓடத் தொடங்கிய அந்தக் கப்பலை, இந்தியக் கப்பல் கழகம் 1972இல் வாங்கிப் பெயர் மாற்றியது. நெடுங்காலம் ஓடிய இராஜூலாவுக்குப் பின், தமிழரைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிச்சென்றது அதுவே.

என் சித்தப்பா அதில் போனவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். படகிலே போய் ஏணி ஏற வேண்டும். "ஏணியில் கால் வைத்தபோது செய்த ஜெபத்தைப்போல் பின்பு ஒருநாளும் ஜெபித்ததில்லை" என்பார். பாயும் தகரப் பெட்டியும் ஊறுகாய்ப் பரணியுமாக ஒரு கிராமமே கடல்மேல் போகுமாம்.

1985 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்த கப்பலில் வங்கக் கடலில் தீப்பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நியூயார்க்கில் 1942இல் நார்மண்டியும், லிவர்பூலில் 1953இல் எம்பிரஸ் ஆஃப் கனடாவும் துறையில் கட்டியிருந்தபடியே எரிந்து, அணைக்கப் பாய்ச்சிய நீரின் பாரத்தால் சாய்ந்தன. துறையில் நிற்கும் கப்பலானால் இறங்கிக் கரைக்கு ஓடலாம். நடுக்கடலில் எங்கே ஓடுவது? எரிந்த சிதம்பரம் மறுபடி பயணிகளை ஏற்றவில்லை; அதே ஆண்டு பம்பாயில் உடைக்கப்பட்டது.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஒரு சகோதரர் சாட்சி சொல்ல எழுந்தார். அதே கப்பலில் வரவேண்டியவர்; முதலாளி விடுமுறை தராததால் தங்கிவிட்ட தம் மகனைக் கர்த்தர் காத்தார் என்று ஸ்தோத்திரித்தார். சபை "அல்லேலூயா" என்றது. பெண்கள் பக்கம் பாயில் ஓர் அக்கா தலை கவிழ்ந்திருந்தார். அவருடைய தம்பி அந்தக் கப்பலில் ஏறியிருந்தார். அன்றுவரை தந்தி வரவில்லை.

நன்றி சொன்னது தவறன்று. ஆனாலும் பிழைத்தவனின் ஸ்தோத்திரம், இழந்தவளின் காதில் எப்படி விழும் என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. எங்கள் போதகர் யோசித்தார். அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தைத் திறந்தார். பவுலோடு சென்ற 276 பேரும் கரைசேர்ந்ததை வாசித்தார். "இந்தக் கப்பலில் அப்படி நடக்கவில்லை. ஏனென்று எனக்குத் தெரியாது" என்றார். பிரசங்கம் அவ்வளவுதான். பின்பு சபை முழுவதும் மௌனமாய் முழங்காலில் நின்றது. பெந்தெகொஸ்தே சபையில் அத்தனை நேரம் மௌனம் இருந்ததை நான் வேறெப்போதும் கண்டதில்லை.

புதன்கிழமை தந்தி வந்தது. தம்பி இல்லை.

சாட்சி சொன்ன சகோதரரே முதலில் அந்த வீட்டுக்குப் போனார். திண்ணையில் இருட்டும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். பிற்காலத்தில் அந்தச் சாட்சியைச் சொல்ல எழும்போதெல்லாம், முதலில் பெண்கள் பக்கம் பார்ப்பார். அக்கா தலையசைத்தால் தொடங்குவார். அசைக்காத நாட்களில் ஒரு பாட்டைப் பாடிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.