தம்பலகாமத்தில் ஒரு நாள்

அயர்லாந்து நாட்டின் ஸ்லைகோ மாவட்டத்தில், கில் என்னும் ஏரியிலே, இன்னிஸ்ஃப்ரீ என்றொரு சின்னஞ்சிறு தீவு உண்டு. அங்கே அரண்மனை இல்லை, கோட்டை இல்லை, குடியிருப்போரும் இல்லர். ஆயினும், யேட்ஸ் என்னும் கவிஞர் இலண்டன் மாநகரில் இருந்துகொண்டு அத்தீவை நினைந்து ஏங்கிப் பாடிய பாட்டு 1890ஆம் ஆண்டில் வெளிவந்த நாள்தொட்டு, பல தேசத்தாரும் அதனைத் தேடிச் செல்கின்றனர். ஊர் சிறிதாயினும் அதனை நினைந்து எழுத ஒருவர் இருந்தால் அதன் புகழ் கடல் கடக்கும் என்பதற்கு இது நல்ல சான்றன்றோ?

எமது திருகோணமலைக்கு வருவோர் கோணேசர் கோயிலைத் தொழுவர், நிலாவெளியிற் கடலாடுவர், புறாத்தீவுக்குப் படகேறுவர், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் குளித்து, இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த கதையைக் கேட்டு மகிழ்வர். பின்னர் மூட்டை கட்டிவிடுவர். ஏறக்குறைய 24 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தம்பலகாமத்தை எண்ணுவார் மிகச் சிலரே.

எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் அவ்வூரவர். எவர் கேட்பினும், “திருகோணமலை” என்றே சொல்வாரன்றித் தம் ஊர்ப்பெயரை வாய்விட்டுரையார். சேறும் வயலுமான இடத்தை நகரப் பிள்ளைகள் எள்ளுவார்களோ என்னும் கூச்சம் போலும். அவர் வகுப்பு மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில் கண்டி வீதி வழியே பஸ் வண்டியிற் புறப்பட்டோம். வழிகாட்டும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தோம்.

வீதியை விட்டு உள்ளே திரும்பியதும் கண்ணுக்கெட்டிய தூரம் பசுமை. கதிர் தள்ளும் பருவத்து நெல் காற்றிலே அலையெழுப்பிற்று. வாய்க்கால்தோறும் கந்தளாய்க் குளத்து நீர் சலசலத்தோடியது. குளத்தையும் கோட்டத்தையும் கட்டியமையால் குளக்கோட்டன் எனப் பெயர்பெற்ற மன்னனே அக்குளத்தை அமைத்தான் என்று கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கூறும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியின் பணியென்பர் வரலாற்றாசிரியர். கட்டியவர் எவராயினும் உண்பவர் நாமே. அக்குளத்தின் அணை 1986ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆம் நாள் விடியுமுன்னே உடைந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் அணையைத் திரும்பக் கட்டினர்.

வயல் நடுவே ஆதிகோணநாயகர் கோயில் அமைதியாக நிற்கின்றது. 1622ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். அடியார்கள் திருவுருவங்கள் சிலவற்றை மறைத்துக் காத்து, ஈற்றில் இவ்வூருக்குக் கொணர்ந்து கோயிலெடுத்தனர் என்பது வழிவழி வந்த மரபு. மண்ணுள் மறைந்திருந்த வேறு சில திருவுருவங்கள் 1950இல் திருகோணமலை நகரிற் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்டன. மலைமேற் புதுக்கிய கோயிலுக்கு 1963இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. இடைப்பட்ட மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக, வீடிழந்த இறைவனுக்கு விளக்கேற்றி வைத்தது இந்த உழவர் ஊரே. இவற்றையெல்லாம் எம் மாணவர் தம் பாட்டனாரிடம் கேட்டவாறு எடுத்துரைத்தார். மற்றையோர் வாய்திறவாது கேட்டனர். கூச்சம் எங்கே போயிற்றோ, அறியோம்.

நண்பகலில் அவர் வீட்டிலே விருந்து. புத்தரிசிச் சோறும், மீன்குழம்பும், எருமைத் தயிரும் இட்டனர். களத்திலே சூடடிக்கும்போது நெல்லைப் பெயர் சொல்லாது “பொலி” என்றே வழங்குவதையும், இன்று பெரும்பாலும் இயந்திரமே அறுத்து அடிப்பதால் அச்சொல் இளையோர் செவிக்கு அந்நியமாகி வருவதையும் பாட்டனார் சொல்லி வருந்தினார்.

உணவின்பின் தந்தையார் எம்மைத் திண்ணைக்கு அழைத்துத் தணிந்த குரலிற் பேசினார்.

“ஐயா, பிள்ளை படிப்பை விட்டுட்டு வெளிநாடு போக நிற்கிறான். முகவருக்குக் குடுக்க வயலை ஈடு வைக்கச் சொல்றான். கோயில் இடிஞ்சது, குளம் உடைஞ்சது, போர் வந்து ஊரையும் விட்டு ஓடினம். திரும்பி வந்து விதைச்சமே தவிர, விதைப்பை விட்டதில்லை. நீங்க ஒரு சொல் சொல்லுங்கோ.”

மகனைத் தனியே அழைத்தோம். “இந்த ஊரில் எத்தனை போகம் பார்ப்பது, ஐயா? ஒரு போகம் பொய்த்தால் கடன்தானே?” என்றார். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. உரமும் கூலியும் ஏறிய விலையில், ஒரு குடும்பம் நெல்லை மட்டுமே நம்பி வாழ்வது எளிதன்று. ஆகவே, “போகாதே” என்று நாம் சொல்லவில்லை. “பரீட்சையை எழுதி முடியும். பின் எத்திசை சென்றாலும் செல்லும். ஆனால், திரும்பி வருவதற்கு உள்ள ஒரே இடத்தை ஈடு வைத்துவிட்டுச் செல்லாதேயும்” என்றோம். அவர் நெடுநேரம் வரப்பைப் பார்த்து நின்றார். பரீட்சை எழுதுவதாக மட்டும் இணங்கினார். வயலைப்பற்றி ஒன்றும் கூறவில்லை.

மாலையில் தம்பலகாமக் குடாவின் கரையைக் கண்டோம். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தட்டையான சிப்பி ஒன்று இக்குடாவிலே விளைந்து, முன்னாளில் முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கேலார்ட் என்னும் இயற்கையியலறிஞர் அதனை ஆராய்ந்து எழுதினார். கோவாவிலும் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் இவ்வினச் சிப்பியின் ஓட்டையே சாளரங்களுக்குக் கண்ணாடியாகப் பதித்தனர். கிண்ணியா வழியே திரும்பினோம். முன்பு மிதவைப் படகுக்குக் காத்துக் கிடந்த துறையிலே, 2009ஆம் ஆண்டு திறந்த 396 மீற்றர் நீளப் பாலம் இன்று இரு கரையாரையும் இணைக்கின்றது.

மாணவ நேயர்களே! விடுமுறையிலே தொலைதூரம் செல்ல வசதியில்லையே என்று வருந்தற்க. உங்கள் ஊரின் குளத்தை வெட்டியவர் யார், கோயிலைக் காத்தவர் யார், களத்திலே வழங்கிய சொற்கள் யாவை என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.