தமிழில் அச்சாகும் என்றோம்

இலக்கியம் பயின்றவர்க்குக் கணிப்பொறி மென்பொருள் நிறுவனத்தில் என்ன பணி என வினவுவோர் உளர். மென்பொருளை ஆக்குவோர் ஒரு சாரார். அதனைக் கடைகடையாக ஏறி விற்போர் மற்றொரு சாரார். நாங்கள் இரண்டாம் சாரார். பேசத் தெரியும் என்பதே எங்கள் மூவருக்கும் இருந்த தகுதி.

2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. சிட்டையும் பேரேடும் கொண்டு கணக்கெழுதி வந்த வணிகர் பலர், 5, 12, 18, 28 என்னும் விகிதங்களைப் பிரித்து மாதந்தோறும் இணையத்தில் கணக்குக் காட்ட வேண்டியவராயினர். அவர்தம் அச்சத்தில்தான் எங்கள் விற்பனை விளைந்தது. இவ்வாறு எழுதக் கூசுகிறது. ஆயினும் உண்மை அதுவே.

காலாண்டுக்கு ஓர் இலக்கு உண்டு. அலுவலகச் சுவரின் வெண்பலகையில் எங்கள் பெயர்களும் அவற்றின் எதிரே தொகைகளும் இருக்கும். மார்ச் 31 வரை சேர்ந்ததே கணக்கு. மறுநாள் பலகை துடைக்கப்படும், மீண்டும் சுழியத்தில் நிற்போம். இலக்கைத் தொடாதவரிடம் மேலாளர் பேசமாட்டார். ஏச்சைவிட அது கடினமாக இருந்தது.

2018 மார்ச் இறுதி வாரத்தில், திருச்சி காந்தி சந்தையை அடுத்த இரும்புச் சாமான் கடை ஒன்றுக்குச் சென்றோம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை கடக்க ஏப்ரல் முதல் நாள் தொட்டு இ-வே பில் வேண்டும் என்பதை எடுத்துரைத்தோம். முதலாளியாகிய பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே வினவினார்: "தம்பி, பில் தமிழில் வருமா? கிடங்கில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு வேறு எழுத்துத் தெரியாது."

வராது என்பதை அறிவோம். அவரிடமிருந்த டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி ஆங்கில எழுத்துகளைத் தன்னுள்ளே கொண்டது; தமிழை அதற்குப் படமாகவே அனுப்பவேண்டும். 'கொ' என எழுத, கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட மென்பொருள் கற்றிருக்க வேண்டும். எங்களுடையது கற்றிருக்கவில்லை, பொறியாளர்கள் அப்பணியைத் தொடங்கவுமில்லை.

"அடுத்த பதிப்பில் வந்துவிடும் ஐயா" என்றோம். எவர் நாவினின்று அச்சொல் முதலில் வந்தது என்று இன்றளவும் எங்களுக்குள் கேட்டுக்கொண்டதில்லை. மற்ற இருவரும் மறுக்கவில்லை. காசோலை கைக்கு வந்தது. அன்று மாலை இலக்கைத் தாண்டினோம். அலுவலகத்தில் இனிப்பு வழங்கினர்.

ஓராண்டு கழித்து, புதுப்பித்தல் தொகை கேட்டு அதே படியேறினோம். ஏச்சுக்கு அணியமாகவே சென்றோம். பெரியவரோ தேநீர் வரவழைத்தார். மேசையில் எங்கள் மென்பொருள் அச்சிட்ட பில்கள் கிடந்தன. ஒவ்வோர் ஆங்கில வரியின் ஓரத்திலும் நீல மையில் கீல், தாழ்ப்பாள், மூன்றங்குல ஆணி என்று அவர் கைப்பட எழுதியிருந்தார். காலையில் ஒரு மணி நேரம் இதற்கே போகிறது என்றார். குறையாக அன்று, செய்தியாக.

"அந்தப் பதிப்பு வந்துவிட்டதா தம்பி?"

இல்லை என்றோம். தொகையை அன்று கேட்கவில்லை. அவர் எழுதிய பில் ஒன்றன் படியைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். அன்றிரவே அதனை இணைத்துப் பொறியாளர்களுக்கு மடல் வரைந்து, மூவரும் கையொப்பமிட்டோம்.