கூடம் கோணலாகவும் இருக்கலாம்



தமிழாசிரியருக்கும் துப்பாக்கிக்கும் என்ன தொடர்பு என்று இப்பதிவைப் படிப்போர் வியக்கக்கூடும். சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியரின் பணி பாடவேளையோடு முடிந்துவிடுவதில்லை. இணைப்பாட நடவடிக்கை ஒன்றுக்கும் அவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். நான் விவாதக் கழகம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். கிடைத்ததோ குறிசுடும் சங்கம். அதற்குமுன் நான் ஏர் ரைஃபிளைத் தொட்டது ஒரே ஒருமுறை, சென்னை மெரினா கடற்கரையின் பலூன் சுடும் கடையில். எத்தனையோ குண்டுகள் சுட்டும் ஒரு பலூன்கூட உடையவில்லை. உடன் வந்த என் மனைவி சிரித்ததுதான் மிச்சம்.

இவ்விளையாட்டை அறியாத பெற்றோருக்காகச் சில செய்திகள். குறிசுடுவோர் 10 மீட்டர் தொலைவில் நின்று, 4.5 மில்லிமீட்டர் அளவுள்ள ஈயக் குண்டால் இலக்கைச் சுட வேண்டும். பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இப்போட்டியில்தான். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றதும் இதே பிரிவில்தான். மலேசியாவின் நூர் சுர்யானி, 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கருவைச் சுமந்தபடி இதே போட்டியில் பங்கேற்றார். உடல் வலிமையைக் காட்டிலும் அமைதியே இங்கு பெரிது என்பதற்கு அவரே சான்று.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவி ஒருத்தி எங்கள் சங்கத்திற்கு வந்தாள். என் தமிழ் வகுப்பிலும் அவள்தான் கடைசி வரிசை. வீட்டில் ஆங்கிலம், கேள்வி கேட்டால் ஒரு சொல்லில் பதில். புதியவர்களுக்கென்று எங்களிடம் விலை குறைந்த, பழைய துப்பாக்கிகள் சில இருந்தன. அவற்றுள் ஏழாம் எண் அவளுக்கு வாய்த்தது. அவள் சுட்ட குண்டுகள் பெரும்பாலும் இலக்கின் வலப்புறக் கீழ்ப்பகுதியிலேயே விழுந்தன. விசையை வெடுக்கென்று இழுப்பவர்களிடம் காணப்படும் குறை அது என்று அதற்குள் நானும் கற்றிருந்தேன்.

மூன்றாம் வாரம் அவள் என்னிடம் வந்து, “சார், இந்த விசையை இழுக்கவே முடியலை. கல்லு மாதிரி இருக்கு” என்றாள்.

நான் உடனே, “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்றேன். பழமொழியைப் பொருத்தமான இடத்தில் பயன்படுத்திய பெருமிதம் எனக்கு. பொருள் புரிந்த இருவர் சிரித்தனர். புரியாதவர்களுக்கு அவர்கள் ஆங்கிலத்தில் விளக்க, எல்லாரும் சிரித்தனர். அவள் ஒன்றும் பேசாமல் தன் இடத்திற்குத் திரும்பினாள்.

வகுப்பறைக்கு வெளியே அவள் தானாக என்னிடம் தமிழில் பேசியது அதுவே முதன்முறை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அதன்பின் அவள் என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினாள். பெற்றோர் சந்திப்பு நாளன்று அவள் தந்தையிடம், “திறமை இருக்கிறது, கவனம்தான் போதவில்லை” என்றேன். அவர் தலையசைத்து மகளைப் பார்த்த பார்வை இன்றும் என் நினைவில் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, வேறு நடவடிக்கைக்கு மாற விரும்புவதாக அவள் விண்ணப்பம் கொடுத்தாள்.

அவ்விண்ணப்பம் என் மேசையில் கிடந்தபோதுதான் எங்கள் பயிற்றுநர் துப்பாக்கிகளைப் பராமரிக்க வந்தார். அவர் ஓய்வுபெற்ற சீனப் பெரியவர். சொற்களைச் சிக்கனமாகப் பயன்படுத்துபவர். அவரைத் தவிர வேறெவரும் துப்பாக்கியின் உட்பாகங்களைத் தொடக்கூடாது என்பது எங்கள் சங்கத்தின் விதி. நான் குறிப்பேட்டோடு அருகில் அமர்ந்தேன்.

ஒவ்வொரு துப்பாக்கியிலும் குண்டு இல்லை என்பதை முதலில் அவர் உறுதிசெய்தார். பின்னர், வளைந்த கம்பி ஒன்றை விசையில் மாட்டி, அதில் எடைக்கற்களைத் தொங்கவிட்டு, துப்பாக்கியை மெல்ல மேலே தூக்கினார். எந்த எடையில் விசை விடுபடுகிறதோ அதுவே அவ்விசையின் எடை. மற்றவை ஏறத்தாழ 250 கிராமில் விடுபட்டன. ஏழாம் எண் 500 கிராமுக்கும் அசையவில்லை. 900 கிராமுக்கும் அசையவில்லை. ஒரு கிலோவைத் தாண்டியபோதுதான் ‘டக்’ என்றது.

நான் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் விசைப்பகுதியைக் கழற்றிக் காட்டினார். துப்பாக்கியின் விசை இரண்டு நிலைகளில் இயங்க வேண்டும். முதல் நிலையில் விரல் எளிதாகப் பின்னே சென்று ஒரு சுவரைத் தொட்டதுபோல் நிற்கும். இரண்டாம் நிலையில் இம்மியளவு அழுத்தம் கூடியதும் குண்டு புறப்படும். உள்ளே ஒரு கொக்கி மற்றொரு பாகத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியின் ஆழம் மிகுந்தால், விசை நெடுந்தூரம் உராய்ந்து உராய்ந்து வர வேண்டியிருக்கும். ஏழாம் எண்ணில் பிடியின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் சிறு திருகாணி தளர்ந்து இடம் மாறியிருந்தது. பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து கெட்டிப்பட்டுப் பிசினாகியிருந்தது. சுவர் என்ற ஒன்றே அதில் இல்லை. எப்போது விடுபடும் என்று அறியாத விரல் பொறுமையிழந்து வெடுக்கென்று இழுக்காமல் வேறென்ன செய்யும்?

மெரினாவில் என் பலூன்கள் தப்பித்ததற்கும் அன்றே விளக்கம் கிடைத்தது. சுருள்வில்லால் இயங்கும் மலிவான துப்பாக்கிகள் பலவற்றில், இறுகிய பெரிய வில்லின் பலம் முழுவதையும் ஒரே கொக்கி தாங்குகிறது. அது தானாக வழுக்கிவிடாதிருக்கப் பிடியை ஆழமாக வைத்தே ஆக வேண்டும். அதனால் விசையும் கடினமாகிறது. விலை கூடியவற்றில் இடையே நெம்புகோல்கள் அமைந்து அப்பளுவைப் படிப்படியாகக் குறைத்துவிடுகின்றன.

“அந்த விளிம்பைக் கொஞ்சம் அரம்கொண்டு தேய்த்துவிட்டால் என்ன?” என்று கேட்டேன். பெரியவர் பலமாகத் தலையசைத்து மறுத்தார். அவ்விளிம்பின் மேற்பரப்பு மட்டுமே கடினப்படுத்தப்பட்டது. தேய்த்தால் அடியிலுள்ள மென்மையான இரும்பு வெளிப்பட்டு விரைவில் தேய்ந்துபோகும். பிறகு ஒருநாள் யாரும் தொடாமலே துப்பாக்கி வெடிக்கும் என்றார். பழைய பிசினைத் துடைத்தெடுத்தார். ஊசிமுனையளவு புதிய கிரீஸ் வைத்தார். திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவார், சோதிப்பார். மீண்டும் கால் சுற்று, மீண்டும் சோதனை. இறுதியில், குண்டில்லாத நிலையில் விசையை ஏற்றிவைத்து, துப்பாக்கியின் அடிக்கட்டையை உள்ளங்கையால் பலமுறை தட்டினார். அதிர்ச்சியில் விசை தானாக விடுபட்டால், திருத்தம் எல்லை மீறிவிட்டது என்று பொருளாம். அது விடுபடவில்லை. எடைக்கற்கள் 260 கிராம் காட்டின.

ஏர் பிஸ்டல் போட்டியில் விசையின் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. ஏர் ரைஃபிளுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. “அப்படியானால் இன்னும் குறைக்கலாமே?” என்றேன். “தேர்ந்தவர்களுக்குக் குறைக்கலாம், பிள்ளைகளுக்கு வேண்டாம். அவர்கள் நினைக்கும்போது விடுபட வேண்டும், நினைப்பதற்கு முன்பே விடுபடக் கூடாது” என்றார். விசையை எளிதாக்குவது தம் வேலையன்று, சீராக்குவதே தம் வேலை என்பது அவர் கருத்து.

மறுவாரம், பழமொழி சொன்ன அதே இடத்தில், சிரித்த அதே மாணவர்களின் முன்னிலையில், “இவள் சொன்னது சரி. கூடம் கோணலாகத்தான் இருந்தது. நான் பார்க்காமல் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்” என்றேன். அவள் தலைகுனிந்து, “இட்ஸ் ஓகே சார்” என்றாள். அவள் தந்தையையும் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சற்று நேரம் அமைதியாக இருந்தவர், “அன்னைக்கு வீட்டுல அவளை ரொம்பத் திட்டிட்டேன் சார்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

துப்பாக்கி சரியானதும் அவள் குண்டுகள் எல்லாம் நடுப்புள்ளியில் விழுந்தன என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கடினமான விசையோடு போராடிய விரலுக்கு வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் படிந்துவிட்டிருந்தது. திருகாணியைத் திருத்த அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது. விரலைத் திருத்தப் பல வாரங்கள் ஆயின. குண்டே இல்லாமல் விசையை மட்டும் மெல்ல அழுத்தும் பயிற்சியை அவள் நாள்தோறும் செய்தாள். மாற்ற விண்ணப்பத்தைத் தானாகவே திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

ஆசிரிய நண்பர்களே, நம் வகுப்பறைகளிலும் ஏழாம் எண் துப்பாக்கிகள் உண்டு. மங்கலாக நகலெடுத்த பயிற்சித்தாள், கடைசி வரிசைக்குக் கேட்காத ஒலிப்பதிவு, வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்கும் பேசும் பிள்ளைக்கும் ஒரே கட்டுரைத் தலைப்பு. “முடியவில்லை” என்று பிள்ளை சொல்லும்போது, முதலில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்போம். பெற்றோரே, “கவனம் போதவில்லை” என்று என்னைப் போன்ற ஓர் ஆசிரியர் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

சில மாதங்கள் கழித்து ஒருநாள் அவள் என்னிடம் வந்து, “சார், இன்னைக்கும் விசை சரியில்லை” என்றாள். தமிழில்தான். பயிற்றுநரை அழைத்து எடைக்கற்களைத் தொங்கவிட்டோம். 260 கிராம், துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. “கூடம் நேராகத்தான் இருக்கிறது அம்மா” என்றேன்.

“அப்போ நான்தான் சார்” என்று சிரித்துக்கொண்டே அவள் தன் இடத்திற்குத் திரும்பினாள்.